மூச்சு முட்டும் பை

குதிரை தேய்க்கும் பிரஷ்ஷுக்காகப் பிறந்த பை அது. 1978-ல் பாரிஸின் எர்மேஸ் நிறுவனத்தில் குதிரையேற்றப் பிரிவின் தலைவியாக இருந்தவர் எவ்லின் பெர்ட்ரான். லாயத்தில் வேலை செய்பவர்கள் பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் போட்டு, தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் குதிரையைக் கவனிக்க வேண்டும் என்பது அவர் யோசனை. ஈர பிரஷ் உள்ளேயே காய வேண்டுமே? அதற்காகத் தோலில் துளைகள். நிறுவனத்தின் முதலெழுத்தான 'எச்' வடிவில், ஒரு நீள்வட்டத்துக்குள்.

அந்தப் பக்கம் உடலை ஒட்டி இருக்க வேண்டும் என்றுதான் எவ்லின் நினைத்தார். இன்று அவர் பெயரையே தாங்கியுள்ள பையை வாங்குபவர்களில் பலர் எழுத்து வெளியே தெரியும்படிதான் மாட்டுகிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு அதை இடுப்புக்குக் காட்டுவானேன்!

எர்மேஸ் 2011-ல் மும்பை ஹார்னிமன் சர்க்கிளில் கடை திறந்தது. சிக்கல் கடையில் இல்லை; வீட்டு பீரோவில். இரண்டு கல்யாணங்களுக்கு மாட்டிய பை துணி உறைக்குள் போகிறது. தூசி படுமே என்று அந்த உறை பாலிதீன் கவருக்குள். அது பீரோவுக்குள். பட்டுப் புடவைக்கும் நகைப் பெட்டிக்கும் உள்ள அதே மரியாதை. ஜூனில் மழை பிடிக்கிறது. தீபாவளிக்கு பீரோவைத் திறந்தால் புழுங்கல் நாற்றம். தோல் மீது சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. காற்றுக்காகத் துளையிட்ட பை மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது.

காரணம் எளிது. தோல் ஒரு புரதம். மென்மைக்காகப் பதனிடும்போதே கொழுப்பும் சேர்க்கிறார்கள். பூஞ்சைக்கு இதைவிட விருந்து வேண்டாம்; ஈரம் மட்டும்தான் பாக்கி. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே அது முளைக்கத் தொடங்கும். மழைக்கால மும்பையில் 80-க்கு மேல் சர்வசாதாரணம். சென்னையின் முறை ஐப்பசி, கார்த்திகையில் வரும். டெல்லியின் கோடை நேரெதிர்: அங்கே தோல் வறண்டு விறைக்கும்.

எனவே பாலிதீனைத் தூக்கி எறிவதுதான் முதல் வைத்தியம். துணி உறை போதும். உள்ளே செய்தித்தாளைத் திணித்தால் மை ஒட்டும். வெள்ளைத் தாளோ பழைய வேட்டித் துணியோ வைக்கலாம். வாரைப் பிடித்துத் தொங்கவிடாமல் நிமிர்த்தி வைப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் உதவும்; ஆனால் ஈரத்தைக் குடித்து நிரம்பிய பிறகு அது வெறும் மணல் மூட்டை. மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டும். பத்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் வைப்பதற்கு எந்தப் பொட்டலமும் ஈடில்லை. மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போய்வந்தால் இன்னும் நல்லது.

இந்தப் பைக்கு அதிகம் பயன்படும் 'க்ளெமான்ஸ்' என்ற இளங்காளைத் தோலுக்குத் தண்ணீர் ஆகாது. நனைந்தால் கொப்புளம் போடும். நனைந்துவிட்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஹேர் டிரையர் கூடவே கூடாது. கைக்குப் போடும் சானிடைசரும் எதிரிதான். அதிலுள்ள ஆல்கஹால் மேல்பூச்சைக் கரைக்கும். வெளிர் நிறப் பை என்றால் புது ஜீன்ஸின் நீலம் இடுப்போரம் ஏறிவிடும்.

பூஞ்சை பிடித்தே விட்டதா? வீட்டுக்குள் தட்டக் கூடாது. அதன் தூள் பறந்து மற்ற செருப்பு, பெல்ட்டுகளிலும் குடியேறும். மொட்டை மாடியில் வைத்து உலர்ந்த மென்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடலாம். கறை ஆழமாக இருந்தால் கடைக்காரர்களின் பழுதுபார்க்கும் பட்டறையே கதி. நம் வீடுகளின் சர்வரோக நிவாரணியான தேங்காய் எண்ணெய் இங்கே வேண்டாம். ஒருமுறை தடவினால் அந்த இடம் கறுத்து நின்றுவிடும். பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூச்சி போகும், வாசனை மட்டும் அடுத்த மழை வரை பையை விட்டுப் போகாது.