பேங்கொக்கில் நாம் எதிர்பார்த்தது

2025 மார்ச் 25 அன்று எமது தேசியக் கால்பந்து அணி பேங்கொக்கில் தாய்லாந்தைச் சந்தித்தது. 2027 ஆசியக் கிண்ணத்துக்கான இறுதிச் சுற்றுத் தகுதிகாண் போட்டி.

"நாங்க வெல்லுவமா சேர்?" என்று அப்போது மாணவர்கள் கேட்டார்கள். தாய்லாந்து, தென்கிழக்காசியக் கிண்ணத்தை ஏழு தடவை வென்ற அணி. உலகத் தரவரிசையில் நாம் 200ஐ ஒட்டி நின்றோம். வெல்வோம் என்பது எமது ஆசையாக இருந்தது. தோற்காமல் வருவோம் என்பதுதான் எதிர்பார்ப்பாக இருந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவின் சொந்த மைதானத்தில் 2-2 எனச் சமநிலையில் நின்று, பெனால்டியில் வென்றே இந்தச் சுற்றுக்கு வந்தோம். 2023இல் ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை ஃபீஃபா தடையில் கிடந்த நாடு இது. நிர்வாகத்தின் குழறுபடிக்கு விளையாட்டு வீரர்கள் விலை கொடுத்தார்கள்.

முதல் அரை மணிநேரம் கோல் வாங்காமல் தாக்குப்பிடித்தால், சொந்த ரசிகர்களே தாய்லாந்துக்கு அழுத்தமாகி விடுவார்கள் என்று எண்ணினோம். கோல்காப்பாளர் சுஜான் பெரேராவின் அனுபவம் அங்கேதான் தேவைப்பட்டது.

தோற்றாலும், அப்போது பயிற்றுநராக இருந்த அப்துல்லா அல் முதைரியை மாற்று என்று மறுநாளே கூச்சலிடக் கூடாது என்று நினைத்தோம். ஒவ்வொரு தோல்விக்கும் பூச்சியத்திலிருந்து தொடங்கியே இங்கு வந்து நிற்கிறோம்.

எமது பாடசாலை மைதானத்தில் மெஸ்ஸி, ரொனால்டோ ஜேர்சிகள் நிறைய. இலங்கை ஜேர்சியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எமது அணி ஆடும் போட்டிகளைப் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திப் பாருங்கள். எமது வீரர்களின் பெயர்களையும் அவர்கள் அறியட்டும், இன்ஷா அல்லாஹ்.