முகவரியே குற்றமா?



செய்தித்தாளில் ஒரு கொலை அல்லது வழிப்பறிச் செய்தியைப் படித்தவுடன் நம் கண்கள் முதலில் தேடுவது இடத்தின் பெயரைத்தான். "அந்த ஏரியாவா? அங்கே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். சென்னையில் இப்படிப் பெயர் கெட்டுப்போன பகுதிகளுள் ஒன்று கண்ணகி நகர். அங்கே குற்றமே நடப்பதில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கஞ்சாவும் அடிதடியும் அங்குள்ள தாய்மாரின் தூக்கத்தைத்தான் முதலில் கெடுக்கின்றன. ஆனால் "அந்த மக்களே அப்படித்தான்" என்பது சரியான பதிலா?

இதே கேள்வியை அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் வீடுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தனர். 1942-இல் வெளிவந்த அவர்களது நூல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. நகர மையத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய சில பகுதிகளில் எப்போதும் குற்றம் மிகுந்திருந்தது. ஜெர்மானியரும் ஐரிஷ் மக்களும் வாழ்ந்தபோதும் அப்படி. அவர்கள் வெளியேறி இத்தாலியரும் போலந்து நாட்டவரும் வந்தபோதும் அப்படியே. மக்கள் மாறினார்கள், பகுதியின் நிலை மாறவில்லை. அப்படியானால் குற்றம் ஓர் இனத்தின் இரத்தத்தில் ஊறியதல்ல. வறுமை, அடிக்கடி குடிமாறுதல், அண்டை வீட்டாரை அறியாத நிலை ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் சமூகக் கட்டுக்கோப்பு தளர்கிறது. பிள்ளைகளைக் கண்டிக்கவும் அரவணைக்கவும் ஆளில்லாமல் போகிறது.

1997-இல் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய தோழர்களும் அதே நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் நின்றால் அண்டை வீட்டார் தலையிடுவார்களா, ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்று கேட்டார்கள். "ஆம்" என்ற பதில் வலுவாக இருந்த பகுதிகளில், வறுமை இருந்தும் வன்முறை குறைவாகவே இருந்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு நாம் கண்ணகி நகரைப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு முதல், சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டன. இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று இது தொடர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன.

கூரை கிடைத்தது உண்மை. ஆனால் இழந்தது எவ்வளவு! குடிசைப் பகுதியில் பக்கத்து வீட்டுப் பாட்டி பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அவசரத்துக்குக் கடன் தரும் அக்கா இருப்பார். தவறு செய்யும் பையனைக் காதைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவரும் மாமா இருப்பார். இந்த உறவுகள் எந்த அரசுக் கணக்கிலும் வராதவை. குடும்பங்கள் வெவ்வேறு பிளாக்குகளுக்குச் சிதறியபோது அவை அறுந்தன. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடியுமுன் பேருந்தைப் பிடித்துப் பழைய இடத்துக்கே போக வேண்டியதாயிற்று. பிள்ளைகள் தனித்து விடப்பட்டனர். போதாக்குறைக்கு, கண்ணகி நகர் என்று முகவரி சொன்னாலே வேலை மறுக்கிறார்கள் என்பது அம்மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வேதனை. வேலை கிடைக்காத இளைஞனுக்கு யார் முதலில் கை நீட்டுகிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

அதே கண்ணகி நகரின் மாணவி கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் விளையாடினார். கற்றுக்கொடுக்க ஒருவரும், ஓடியாட ஒரு மைதானமும், கூட விளையாடத் தோழியரும் இருந்தால் அந்த மண்ணில் என்ன விளையும் என்பதற்கு அவரே சாட்சி.

திருச்சபைக்கு இதில் பங்கு உண்டா? 1939-இல் சிக்காகோவின் இறைச்சிக்கூடங்களை ஒட்டிய ஏழைப் பகுதியில், ஷாவிடம் பணியாற்றிய சால் அலின்ஸ்கியும் ஜோசப் மீகனும் ஒரு மக்கள் மன்றத்தைத் தொடங்கினர். துணை ஆயர் பெர்னார்ட் ஷீல் துணைநின்றார். மொழிவாரியாகப் பிரிந்து கிடந்த பங்குகளும் தொழிற்சங்கமும் ஒரே மேசையில் அமர்ந்து, வேலைக்காகவும் குழந்தைகளின் நலனுக்காகவும் உழைத்தன. ஆனால் பிற்காலத்தில் அதே மன்றம், கறுப்பின மக்கள் அங்கே குடியேறுவதைத் தடுக்க முற்பட்டது. ஒற்றுமை நம்மவரை மட்டும் காக்கும் மதிலாக மாறும் ஆபத்து எப்போதும் உண்டு.

இது நமக்கும் எச்சரிக்கை. நம் அன்பியக் கூட்டங்கள் கத்தோலிக்க வீடுகளோடு நின்றுவிடுகின்றனவா? புதிதாக வாடகைக்கு வந்த குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியுமா? பள்ளியை நிறுத்திவிட்ட அடுத்த தெருப் பையன் நம் செபத்தில் மட்டும் இடம்பெறுகிறானா, மாலைப் படிப்பகத்திலும் இடம்பெறுகிறானா? தம்பியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது காயின் பொறுப்பைத் தட்டிக்கழித்தான். "அந்த ஏரியா" என்று சொல்லும்போது நாமும் அதைத்தான் செய்கிறோம்.

காவல்துறை தன் கடமையைச் செய்யட்டும். வீட்டு வசதித் துறையினர், மக்களை இடம் மாற்றுவது தவிர்க்க முடியாதபோது, பழைய அண்டை வீட்டாரைச் சேர்த்தே குடியமர்த்தட்டும்; பள்ளியும் பேருந்தும் முதல் நாளே இருக்கட்டும். நம் பங்கில் கடையோ பட்டறையோ நிறுவனமோ நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வேலை கேட்டு ஓர் இளைஞன் வந்தால், முகவரியைப் பார்த்து முடிவெடுக்காமல் அவனோடு பேசிப் பாருங்கள்.