தீப்பிடிக்காது... நெஞ்சைப் பிடிக்கும்!

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் பலியானார்கள். கீற்றென்றாலே ஊர் நடுங்கியது. நியாயம்தான்.

கீற்று போன எத்தனையோ வீடு, கடைகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஏறியிருக்கிறது. "எரியாது சார், பயப்படாதீங்க" என்று விற்கிறார்கள். வாஸ்தவம்; எரியாது. ஆனால் அறுத்தால், துளை போட்டால் பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் உண்டு. நுரையீரலில் தங்கி, 20, 30 வருஷம் கழித்துப் புற்றுநோயாகக் கிளம்பலாம். 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை போட்டுவிட்டன. இங்கே விற்பனை தாராளம்!

பழைய ஷீட்டை உடைக்காதீர்கள். உடைந்தால் தண்ணீர் தெளித்து எடுங்கள். வறட்டுத் தூசியைப் பெருக்காதீர்கள். புதுக் கூரைக்கு ஓடு இருக்கிறது, தகரம் இருக்கிறது. அவையும் எரியாதவைதானே? பிறகேன் இந்த வம்பு? தடை எப்போது?