கடலடியில் வளரும் அபாயம்

பாகிஸ்தான் தன் கடற்படைக்கென எட்டு நீர்மூழ்கிக் கப்பல்களைச் சீனாவினிடமிருந்து பெறுவதற்கு 2015-ம் ஆண்டில் ஏற்பாடு செய்துகொண்டது. நான்கு கப்பல்கள் சீனாவிலும், நான்கு கப்பல்கள் கராச்சியிலும் கட்டப்பெற வேண்டுமென்பது நிபந்தனை. முதற்கப்பல் 2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சீனாவில் நீரில் இறக்கப்பட்டது. இவ்வகைக் கப்பல்களுக்கு அந்நாட்டார் சூட்டியுள்ள பெயர் 'ஹாங்கோர்' என்பது. இப்பெயர் செவியில் விழுந்ததும் நம் தேசத்தார் நெஞ்சில் ஒரு நினைவு எழவேண்டும். எழவில்லையெனின், அதுவே நமது அலட்சியத்துக்கு முதற்சான்றாகும்.

1971-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி இரவு, டையூவுக்கு அப்பாலுள்ள கடலில் நமது 'குக்ரி' என்னும் போர்க்கப்பலை வீழ்த்தியது அக்காலத்து ஹாங்கோரே. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அன்று கடலுக்கு இரையாயினர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா, பிறரைத் தப்பிக்கச் செய்துவிட்டுத் தாம் கப்பலுடன் மூழ்கினார். அம்மாவீரரின் தியாகத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் போற்றுதலோடு நமது கடமை தீர்ந்துவிடுமா? குக்ரி ஏன் மூழ்கிற்று என்பதை ஆராய வேண்டாமா? எதிரியின் செவி நமது செவியினுங் கூரியதாயிருந்தது. நீருக்கடியில் ஒலியைக் கொண்டு பொருளறியும் கருவி, நீர்மூழ்கியிடம் இருந்ததற்கு ஈடாகக் குக்ரியிடம் இருக்கவில்லை. குக்ரி தன்னைத் தேடிவந்த பகைவனைக் காணுமுன், பகைவன் குக்ரியைக் கண்டுகொண்டான். வீரத்தில் நாம் குறைந்தவரல்லேம், கருவியிற் குறைந்திருந்தோம்.

அதே யுத்தத்தில் 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கியை வேட்டையாட வந்த 'காஜி' விசாகப்பட்டினத்துக்கருகே தன் மாலுமிகள் அனைவருடனும் அழிந்தது. அது அழிந்த விதத்தைப் பற்றி இரு நாட்டாரும் வேறுவேறு கூறுவர். விக்ராந்தோ அப்போது அந்தமான் பக்கம் மறைத்து வைக்கப்பட்டிருந்தது. காஜியின் முடிவை நாம் மேடைதோறும் பேசுகிறோம்; திரைப்படமாக்கியும் மகிழ்கிறோம். குக்ரியின் முடிவைப் பேசுவார் சிலரே. வெற்றியை மட்டும் நினைத்துத் தோல்வியை மறக்கும் தேசம், தோல்வியை மறுபடியும் விலைகொடுத்து வாங்கும்.

இனி, வரவிருக்கும் கப்பல்களின் இயல்பு யாதெனக் காண்போம். டீசலாலும் மின்சாரத்தாலும் இயங்கும் பழைய நீர்மூழ்கி, தன் மின்கலங்களுக்குச் சக்தியேற்றுவதற்காக அடிக்கடி நீர்மட்டத்தை நெருங்கிக் காற்றுக்குழாயை நீட்டியாக வேண்டும். அவ்வேளையில் வானிலிருந்து நோக்குவோர் கண்ணில் அது அகப்படும். வெளிக்காற்றை வேண்டாத எந்திரம் பொருத்தப்பெற்ற புதிய நீர்மூழ்கிக்கு அந்தத் தொல்லை பெரிதும் இல்லை. மெதுவாகச் செல்லுமாயின், அது இரண்டு வாரங்கள் வரையிற்கூட ஆழத்திலேயே ஒளிந்திருக்கலாம். ஹாங்கோர் வகைக்கு இவ்வசதி உண்டு. பிரான்ஸ் தேசத்திடமிருந்து பாகிஸ்தான் முன்னரே பெற்ற அகோஸ்டாக் கப்பல்களிற் பிந்தியவற்றுக்கும் உண்டு. நமது 'கல்வரி' வகைக் கப்பல்கள் ஆறும் இவ்வசதியின்றியே கடற்படையில் சேர்ந்தன. அவற்றுள் இதனைப் பொருத்துவதற்கான ஒப்பந்தம் 2024-ம் ஆண்டு டிசம்பரிலேதான் கையெழுத்தாயிற்று!

இதனால் விளையும் அபாயம் போர்க்கப்பல்களுக்கு மட்டுமன்று. நமது அயல்நாட்டு வாணிபத்தில், எடையளவில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு கடல்வழியே நடைபெறுகிறது. நமக்கு வேண்டும் கச்சா எண்ணெயிற் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. பாரசீக வளைகுடாவினின்று எண்ணெய் சுமந்து வரும் கப்பல்கள் கட்ச் வளைகுடாவிலுள்ள வாடினார், சிக்கா, முந்த்ரா ஆகிய துறைகளை அடைகின்றன. அத்துறைகளுக்கும் கராச்சிக்கும் உள்ள தூரம் எவ்வளவு? தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர் திடுக்கிடுவர். அவ்வழியில் ஓரிரு எண்ணெய்க் கப்பல்கள் தாக்கப்பட்டாற் போதும். இன்ஷுரன்ஸ் கட்டணம் ஏறும். கப்பல் முதலாளிகள் தயங்குவர். அதன் வேதனை கிராமத்து உழவனின் பம்பு எந்திரம் வரையில் வந்து சேரும்.

'நமது கடற்படை பாகிஸ்தான் படையினும் பன்மடங்கு பெரிதாயிற்றே, அஞ்சுவானேன்?' என்று சிலர் வினவக்கூடும். நீர்மூழ்கி எளியவன் வலியவனைத் தாக்குவதற்கு ஏந்தும் ஆயுதம் என்பதை அன்னார் மறந்துவிடுகின்றனர். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு நிகரான மேற்பரப்புக் கடற்படை ஜெர்மனியிடம் இல்லை. எனினும் 1917-ம் ஆண்டு ஏப்ரல் என்னும் ஒரே மாதத்தில், நேசநாட்டாரும் நடுநிலையாளரும் எட்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களை இழந்தனர். பிரிட்டனைப் பட்டினியினின்று காத்தது பெரிய பீரங்கிக் கப்பல்களன்று. வாணிபக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலுடன் அனுப்பிய ஏற்பாடேயாகும். அதனையும் அவர்கள் காலந்தாழ்த்தியே கைக்கொண்டனர்.

காலதாமதத்தில் நம் சர்க்கார் எவருக்கும் இளைத்ததன்று. 1999-ம் ஆண்டில், 2030-க்குள் 24 நீர்மூழ்கிகளைக் கட்டுவதென ஒரு திட்டம் அங்கீகரிக்கப்பட்டது. முதல் ஆறு கப்பல்களுக்கு ஒப்பந்தம் 2005-ல் ஆயிற்று. அவற்றுள் முதலாவது 2017 டிசம்பரில் சேவையில் இறங்கிற்று. ஆறாவது, 2025 ஜனவரியில். ஆறு கப்பல்களுக்கு இருபதாண்டுகள்! அடுத்த ஆறுக்கு விலை கேட்டு 2021-ல் பத்திரம் அனுப்பப்பட்டது. அதன் பின் ஆண்டுகள் பேச்சில் உருண்டோடின. ஆட்சி செய்த கட்சிகள் மாறின, தாமதம் மாறவில்லை. ஆதலின் இப்பழியை ஒரு கட்சியின் தலையிற் சுமத்திவிட்டு மற்றொரு கட்சி தப்புவதற்கில்லை.

செய்யப்பட்டது ஒன்றுமேயில்லை என்று நாம் கூறவில்லை. அரக்கோணத்து 'ராஜாளி' தளத்தினின்று பறக்கும் பீ-8ஐ விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடும் திறம் வாய்ந்தவை. கரையோர ஆழங்குறைந்த நீரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடும் பதினாறு கப்பல்களுள் முதலாவதான 'அர்னாலா' 2025 ஜூன் மாதத்திற் கடற்படையிற் சேர்ந்தது. அதன் நிர்மாணத்திற் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைக்கும் பங்குண்டு. ஆழத்திலுள்ள நமது நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் நிலையமோ, திருநெல்வேலிச் சீமையில் கட்டபொம்மன் பெயர் தாங்கி நிற்கிறது. கடற்பாதுகாப்பு டில்லிக்காரர் விஷயமென்று தமிழர் வாளாவிருப்பதற்கில்லை என்பதற்கு இவை போதாவா?

இன்னுமொன்று உண்டு; அது யாவற்றினும் பெரிது. நீருக்கடியினின்று ஏவத்தக்க 'பாபர்-3' என்னும் ஏவுகணையை, 450 கிலோமீட்டர் செல்வதென்று கூறி, 2017 ஜனவரியிற் பாகிஸ்தான் சோதித்தது. நீர்மூழ்கியினின்று அணுகுண்டை ஏவும் ஆற்றலைத் தேடுவதாக அந்நாட்டார் ஒளிக்கவுமில்லை. நம்மிடமும் 'அரிஹந்த்' உண்டு. இரு நாட்டு நீர்மூழ்கிகளும் ஒரே கடலில் ஒன்றையொன்று தேடித் திரியுங்கால், ஒரு தவறான ஒலியும் ஒரு மாலுமியின் பதற்றமும் கோடிக்கணக்கான ஜனங்களின் விதியை நிர்ணயித்துவிடலாம். 1999 பிப்ரவரியில் லாகூரிற் கையெழுத்தான குறிப்பில், கடலில் விபரீத சம்பவங்கள் நேராவண்ணம் தடுக்க ஓர் உடன்படிக்கை செய்துகொள்வதென இரு சர்க்கார்களும் வாக்களித்தன. சில மாதங்களிற் கார்கில் யுத்தம் மூண்டது. அவ்வாக்கு ஏட்டோடு நின்றது.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கடலடிக் கப்பல்களைக் கட்டுவதில் வருஷவாரியாகக் கெடு வகுத்து, அதனைப் பார்லிமெண்டின் முன் வைக்கவேண்டும். கெடு தவறுமாயின் காரணம் கேட்கப்படவேண்டும். புதிய நீர்மூழ்கிகளைக் கேட்குஞ் செவியையும் காணுங் கண்ணையும், அவை நம் கரையருகே வருமுன் நம் மாலுமிகளுக்குத் தரவேண்டும். லாகூரில் விட்ட இழையை, பகை நீங்கும்வரை காத்திராது, பகை இருக்கும்போதே எடுத்துக் கட்டவேண்டும். பகைவனோடன்றி, நண்பனோடு எவரும் இவ்வித உடன்படிக்கை செய்வதில்லை.

இவை பீதியாற் கூறுவனவல்ல, துவேஷத்தாற் கூறுவனவுமல்ல. தேர்தலில் ஓட்டுக் கேட்க வரும் ஒவ்வொருவரிடமும், 'ஆறு கப்பலுக்கு இருபதாண்டு ஏன்?' என்று தேசத்தொண்டர்கள் கேட்கட்டும். 'குக்ரி'யில் மாண்ட 194 பேருக்கும் கல்லிற் பெயர் பொறித்தாயிற்று. அவர்கள் சென்ற வழியே இனியொரு கப்பல் செல்லாதபடி காப்பது, உயிரோடிருக்கும் நம் பொறுப்பு.