கேளாதெடுத்த படம்

திருவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் என்பது பழைமை வாய்ந்த பகுதி. வைத்தியநாதப் பெருமான் கோயில் கொண்டுள்ள இடம் அது. திருமலை நாயக்க மன்னரை வருத்திய வயிற்றுநோய் இத்தலத்திலே தீர்ந்தது என ஊரார் சொல்வர். மேற்கு நோக்கினால் மலைத்தொடர் நீலமாய்த் தோன்றும். ஊர் நடுவே ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் வானளாவி நிற்கும். செண்பகத்தோப்புக் காட்டிலோ சாம்பல் நிற அணில்கள் மரத்துக்கு மரம் தாவித் திரியும். அவற்றைக் காத்தற்பொருட்டு 1988-ஆம் ஆண்டு அம்மலைக்காடு சரணாலயமாக்கப்பட்டது. கண்ணுக்கு இத்துணை விருந்து படைக்கும் ஊரில், நிழற்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவோர் பலராயிருத்தல் வியப்பன்று. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று இராசபாளையத்திலிருந்தும் வந்து கூடுவர். அவருட் பலர்க்குப் படம் எடுப்பது தொழிலன்று. ஒருவர் நூற்பாலையிற் கணக்கர். மற்றொருவர் அஞ்சலகப் பணியாளர். வேறொருவர் பள்ளி ஆசிரியர். உலகம் இதனைப் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறது. எனக்கு அச்சொல் உவப்பாயில்லை. ஒரு நல்ல பொழுதுக்காக நாட்கணக்கில் காத்திருக்கின்றவரைப் பொழுதைப் போக்குகின்றவர் என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வாறு எடுத்த படங்களை இவர்கள் பூட்டி வைப்பதில்லை. நண்பர் காண வேண்டும், ஊரார் மகிழ வேண்டும் என்னும் ஆசையால் இணையத்தில் இடுகின்றனர். ஆங்கிருந்து அவை வணிகர் கைக்குப் போகின்றன. இனிப்புப் பெட்டியின் மூடியிலும், விடுதியின் விளம்பரப் பலகையிலும், துணிக்கடையின் நாட்காட்டியிலும் ஒருநாள் திடீரெனக் காட்சியளிக்கின்றன. எடுத்தவரைக் கேட்டாரில்லை, அவர் பெயரைப் போட்டாருமில்லை. மூலையிற் சிறிதாக எழுதியிருந்த பெயரையும் கத்தரித்து நீக்கிவிடுவார் சிலர். இது முறையன்று என்பதே என் கருத்து. ஏன் முறையன்று என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில், நல்லவர் எனப் பெயர் பெற்ற வணிகரும் இதனைப் பிழையென உணராதிருக்கின்றனர்.

என்னிடம் பயின்ற ஒருவர் இப்போது ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். ஓய்வு நாட்களிற் படம் எடுப்பார். மடவார் வளாகத்துக் கோயில் வாயிலில் அமர்ந்து பூத்தொடுக்கும் மூதாட்டி ஒருத்தியின் கைகளை அவர் படம் எடுத்தார். முகம் தோன்றாது, விளக்கொளியில் விரல்களும் நாரும் மலரும் மட்டுமே தோன்றும். அதற்காக மார்கழி விடியலில் நான்கு நாள் அங்கே போய் நின்றார். முதல்நாள் அம்மூதாட்டி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாளாம். நான்காம் நாளிலேதான், “சரி, எடுத்துக்கொள்” என்றாளாம். சில மாதங்கள் சென்றபின், அதே கைகள் ஓர் ஊதுவத்திப் பெட்டியின்மீது அச்சாகிக் கடைதோறும் தொங்கின. அந்நிறுவனத்தின் பெயர் நமக்கு வேண்டா. நம் மாணவர் சென்று கேட்டபோது, “இணையத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டோம். உம் படம் ஊரெல்லாம் போயிற்றே, நீர் மகிழ வேண்டாமா?” என்று சொல்லி, நான்கு கட்டு ஊதுவத்தியைக் கையிற் கொடுத்து அனுப்பினர். படம் ஊரெல்லாம் போயிற்று என்பது மெய்யே. எடுத்தவர் பெயர் எந்தத் தெருவுக்கும் போகவில்லை.

அவர்க்கு நேர்ந்த பெரிய இழப்பு இதுவுமன்று. அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது அம்மூதாட்டி, “ஏனய்யா, என் கையை என்ன விலைக்கு விற்றாய்?” என்று கேட்டாள். தாம் விற்கவில்லை என்று அவர் எவ்வளவு சொல்லியும் அவள் நம்பினாளில்லை. எங்ஙனம் நம்புவாள்? கடையில் தொங்கும் பெட்டி கண்ணெதிரே இருக்கிறதே! நான்கு விடியலில் ஈட்டிய நம்பிக்கையை, அவரை ஒருமுறையேனும் கண்டறியாத ஒருவர் வாங்கிச் செலவிட்டுவிட்டார். பணத்தாற் கணக்கிட முடியாத இந்த இழப்பினைத்தான் வணிகர் அறிவதில்லை. கேட்டிருந்தால் நம் மாணவர் மறுத்திருப்பார். அன்றி, அம்மூதாட்டியிடம் போய் முதலில் அவள் இசைவைப் பெற்று வந்திருப்பார். கேளாமையால் இவ்விரண்டு வழியும் அடைபட்டன. ஆதலின், இசைவு கேட்டல் என்பது விலை பேசுவதற்கு முன்னதாகிய செயல். வேண்டா என்று சொல்லும் உரிமையை மற்றவர்க்கு விட்டுவைத்தலே அதன் பொருள்.

படத்திலுள்ளவர் நிலையை எண்ணுங்கால், 2007-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவில் டெக்சாசு மாநிலத்துச் சிறுமி ஒருத்தியை அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர் படமெடுத்து, ஃபிளிக்கர் என்னும் இணையத்தளத்தில் இட்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் வர்ஜின் மொபைல் என்னும் தொலைபேசி நிறுவனம் அதனை எடுத்து, கேலி வாசகத்தோடு தெருவோர விளம்பரமாக்கிவிட்டது. எடுத்தவர் தம் பெயரைக் குறித்து எவரும் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தின்கீழ்ப் படத்தை வைத்திருந்தார் என்பது உண்மை. அச்சிறுமியோ அத்தகைய உரிமம் எதுவும் எவர்க்கும் கொடுத்தாளில்லை. குடும்பத்தார் டெக்சாசில் வழக்குத் தொடுத்தும், ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மீது அங்கே வழக்காட இடமில்லை என்று 2009-இல் அது தள்ளுபடியாயிற்று.

“கோபுரம் ஊருக்குப் பொது, தேர் ஊருக்குப் பொது, அவற்றின் படத்துக்கு மட்டும் ஒருவர் உரிமை கொண்டாடலாமோ?” என்று கேட்பார் உளர். கேள்வி நல்ல கேள்வியே. கோபுரம் பொது என்பதில் ஐயமில்லை. விரும்பும் எவரும் போய்ப் படம் எடுக்கலாம். அவ்வாறாயின், அவ்வணிகரும் விடியலில் எழுந்து தாமே போய் எடுக்கலாமன்றோ? அவர் எடுத்துக்கொண்டது கோபுரத்தையன்று. எந்த இடத்தில் நிற்பது, எந்த ஒளிக்குக் காத்திருப்பது, எதனை உள்ளே கொள்வது, எதனை விடுவது என்று ஒருவர் தம் அறிவால் ஆய்ந்து முடித்த முடிவினை எடுத்துக்கொண்டார்.

படம் எடுப்பது கருவிதானே, மனிதர்க்கு அதில் என்ன வேலை என்னும் வாதமும் பழையதே. நியூயார்க் நகரில் நெப்போலியன் சரோனி என்னும் நிழற்படக் கலைஞர், ஆஸ்கார் ஒயில்டு என்னும் எழுத்தாளரை 1882-ஆம் ஆண்டு படம் எடுத்தார். ஓர் அச்சு நிறுவனம் அவரைக் கேளாமலே அப்படத்தை 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிழற்படம் வெறும் இயந்திர வேலை என்று அந்நிறுவனம் வாதிட்டது. உட்காரும் நிலையும், உடையும், ஒளியும் நிழலும் எவ்வாறு அமைய வேண்டும் என்று எண்ணி அமைத்தவர் சரோனியே. ஆதலின் அது அவர் படைப்பே என்று நீதிமன்றம் 1884-இல் தீர்ப்பளித்தது. கைபேசி ஒவ்வொன்றும் கருவியாகிவிட்ட இந்நாளிலும் அத்தீர்ப்பின் நியாயம் தேயவில்லை.

நம் நாட்டிலேயே, அதுவும் சென்னையிலேயே, இதனை ஒத்த வழக்கு ஒன்று நடந்ததுண்டு. ஆர்யா என்னும் பாஷ்யத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1932-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்ட வீரர் அவர். ஓவியத்திலும் சிற்பத்திலும் வல்லவர். தலைப்பாகையும் கூரிய விழியுமாக நாம் காணும் பாரதியார் உருவங்களுள் அவர் கை வண்ணமும் ஒன்று. அவர் இரண்டு நிழற்படங்களைத் துணையாகக் கொண்டு காந்தியடிகளின் ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதனை வெளியீட்டு நிறுவனம் ஒன்று எடுத்தாண்டமை பற்றி வழக்கு எழுந்தது. காந்தியடிகளின் முகம் நாட்டுக்கே பொதுவன்றோ? மேலும், அவ்வோவியம் நிழற்படங்களைப் பார்த்து வரைந்ததன்றோ? அங்ஙனமிருக்க ஓவியர்க்கு என்ன தனியுரிமை? துணைக்கொண்ட படங்களினின்றும் வேறாகிய ஒன்றை ஓவியர் தம் உழைப்பாலும் திறத்தாலும் ஆக்கியிருப்பின், அதில் அவர்க்குப் பதிப்புரிமை உண்டு என்பதே சென்னை உயர்நீதிமன்றம் கொண்ட முடிவு. 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் அது வெளிவந்துள்ளது. நாட்டுக்காக உயிரையும் பொருட்படுத்தாது கொடிமரம் ஏறியவர், தம் ஓவியத்துக்காக நீதிமன்றப் படியும் ஏறினார். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணும்போது, உரிமை கேட்டவரைப் பேராசைக்காரர் என்று எள்ளுவார் வாய் அடங்கும். (அவ்விரு நிழற்படங்களையும் எடுத்தவர் யாவர் என்று எவரும் பேச நான் கேட்டதில்லை. அதுவும் எண்ணத்தக்கதே.)

சட்டம் சொல்வதையும் சுருக்கமாக அறிந்துகொள்ளுங்கள். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. நிழற்படத்தை அது கலைப்படைப்பாகவே கொள்கிறது. எடுத்தவரையே ஆக்கியோனாகவும் கொள்கிறது. எங்கேனும் பதிவு செய்தாற்றான் உரிமை உண்டாகும் என்பதில்லை; எடுத்த பொழுதே அது பிறந்துவிடுகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், எடுத்தவர் வாழ்நாள் முழுவதும், அதன்மேல் 60 ஆண்டும் அவ்வுரிமை நிற்கும். திருமணத்துக்குப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் போன்றவற்றுக்கு விதி வேறு. அங்கே மாறான உடன்பாடு இல்லையேல், எடுக்கச் சொன்னவர்க்கே உரிமை. அறிந்தே மீறுவோர்க்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. உரிமையை விற்றுவிட்ட பின்னும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆக்கியோனை விட்டு நீங்குவதில்லை என்பது இச்சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பிடித்தமைக்குக் காரணம் உண்டு. நூலுக்குச் சிறப்புப் பாயிரம் உரைக்கும் இலக்கணத்தில் எட்டுப் பொருள்களை நன்னூலார் எண்ணுகிறார். அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். நூலின் பெயரே அதற்குப் பின்னர்த்தான் வருகிறது. சங்கப் பாடல்களைத் தொகுத்த பெருமக்கள் செய்ததையும் பாருங்கள். சில பாடல்களைப் பாடியவர் பெயர் அவர்களுக்குக் கிட்டவில்லை. பெயர் தெரியவில்லை என்று விட்டுவிட்டாரா? இல்லை. பாட்டில் வந்த அழகிய தொடரையே எடுத்துப் பாடினோர்க்குப் பெயராகச் சூட்டினர். செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும் குறுந்தொகையில் நாம் காண்பன அத்தகைய பெயர்களே. பெயர் அறியாதவிடத்தும் பெயர் கொடுத்துப் போற்றிய மரபில் வந்தவர், பெயர் அறிந்தவிடத்தும் அதனைக் கத்தரித்தெறிவது எனக்கு நாணத்தைத் தருகிறது. செண்பகத்தோப்பில் அணிலைப் படம் எடுத்தவரையும் அணிலாடு முன்றிலார் என்றே இனி அழைக்கலாம் போலும்!

வணிகரை மட்டுமே குற்றம் கூறுதல் நேர்மையாகாது. கடைக்காரர் அச்சகத்தாரைக் காட்டுகிறார். அச்சகத்தார் கணிப்பொறியில் வடிவமைத்த இளைஞரைக் காட்டுகிறார். அவ்விளைஞரோ, “நாளைக் காலைக்குள் வேண்டும் என்றார்கள், கிடைத்ததைப் போட்டேன்” என்கிறார். நமக்கு அண்மையிலுள்ள சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டின் நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது வழக்கம். அத்துணை முன்னதாகத் திட்டமிடும் தொழிலில், ஒரு படத்துக்கு இசைவு கேட்க ஒருநாள் கிட்டாது என்பதை நான் ஒப்பமாட்டேன். பெட்டி யார் பெயரில் விற்கிறதோ, ஊதியம் யார் பைக்குப் போகிறதோ, அவரே கேட்க வேண்டியவர். நம் ஊர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ கிண்டியதை நம் ஊர்ப் பெயரால் விற்றல் கூடாது என்பதே அதன் கருத்து. ஊர்ப்பெயரைப் பிறர் எடுத்தாளப் பொறாத நாம், ஒரு தனிமனிதர் கைவேலையைப் பெயரின்றி எடுத்தாளலாமோ?

இனி, மாணவர்களாகிய உங்களைப் பற்றியும் ஒரு சொல். செருமனி நாட்டில் வால்ட்ரோப் என்னும் ஊரில் ஒரு பள்ளி. அங்கே மாணவர் ஒருவர் பயிற்சிக் கட்டுரைக்காகக் கோர்டோபா நகரின் படம் ஒன்றைப் பயண இணையத்தளத்திலிருந்து எடுத்து, எடுத்த இடத்தையும் குறித்திருந்தார். பள்ளி அக்கட்டுரையைத் தன் இணையத்தளத்தில் வெளியிட்டது. படம் எடுத்தவர் வழக்காடினார். புதிதாக உலகுக்கு வெளியிடப் புதிதாக இசைவு வேண்டும் என 2018-ஆம் ஆண்டு ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிற்று. பள்ளிப் பிள்ளையின் கட்டுரைக்கு இவ்வளவு வேண்டுமோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஊதியத்துக்காக எடுப்பவரையும் படிப்புக்காக எடுப்பவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என் மனம் ஒப்பவில்லை. நம் சட்டமும் கல்விக்குச் சில விலக்குகள் தந்துள்ளது. நும் ஏட்டில் ஒட்டிப் படிப்பதற்கு ஒருவரும் நும்மைத் தடுக்கப்போவதில்லை. ஆயினும், பள்ளி ஆண்டு மலரின் அட்டைக்குத் தேர்ப்படம் ஒன்று வேண்டுமென்றால், அதனை எடுத்தவர்க்கு எழுதிக் கேளுங்கள். எந்தப் படம், எதற்காக, எத்தனைப் படிகள், பெயரை எவ்வாறு போடுவது என்னும் நான்கு செய்தி போதும். கைபேசியிலேயே எழுதி அனுப்பிவிடலாம். அவர் இசைந்தால் பெயரைப் பிழையின்றி அச்சிட்டு, மலரின் ஒரு படியை அவர் வீட்டிற்கு அனுப்புங்கள். அவர் மறுத்தால் என் செய்வது? உங்கள் வகுப்பிலேயே படம் எடுக்க விரும்பும் பிள்ளை ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். ஆடிப்பூரத்தன்று அவனை அனுப்பிவிடுங்கள்.