மருந்தின் இரு பெயர்கள்

மருந்துக்கடையில் விலையைக் கேட்டதும், "ஒரு கிழமைக்கு மாத்திரம் தாருங்கள்" என்று சொல்லும் முதியோரை நாம் அடிக்கடி காண்கின்றோம். வைத்தியர் எழுதியதோ ஒரு மாதத்துக்கு. நீரிழிவுக்கும் இரத்த அமுக்கத்துக்கும் இடைவிடாது உட்கொள்ள வேண்டிய மருந்து, கையில் பணமின்மையால் இடையில் நின்றுவிடுகின்றது. அதனால் வரும் கேட்டைக் குடும்பம் முழுவதும் அனுபவிக்கின்றது.

மருந்துக்கு இரண்டு பெயர்கள் உள என்பதை நம்மிற் பலர் அறியார். ஒன்று பொதுப்பெயர், மற்றையது உற்பத்தி செய்யும் கம்பனி சூட்டும் வியாபாரப் பெயர். நாம் பனடோல் என வாங்குவதன் பொதுப்பெயர் பரசிற்றமோல். ஒரே மருந்து பல கம்பனிகளால் பல பெயர்களில் விற்கப்படுகின்றது. மருந்து ஒன்றாயினும் விலை ஒன்றன்று. ஆதலின் வைத்தியர் எப்பெயரை எழுதுகின்றார் என்பதைப் பொறுத்தே நம் செலவு கூடுவதும் குறைவதும்.

இதனை நன்குணர்ந்து செயலாற்றியவர் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியல் அறிஞரான அவர், வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். அதன் பயனாய் எழுந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு அவரே முதல் தலைவரானார். தனியார் துறைக்கு இறக்குமதியான ஏறக்குறைய 2,100 மருந்துகள் 600 அளவில் குறைக்கப்பட்டன. அவர் 1977இல் காலமானார். அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மருந்துச் சீட்டிற் பொதுப்பெயரை எழுதவேண்டுமென விதிக்கின்றது. எனினும், சட்டம் இருந்தாற் போதாது, கேட்பாரும் வேண்டும். வைத்தியரிடம் விலையைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என நம் பெரியோர் கருதுகின்றனர். இம்மருந்தின் பொதுப்பெயர் யாது? இதே மருந்து குறைந்த விலையில் உண்டா? எத்தனை நாட்களுக்கு உட்கொள்ள வேண்டும்? இம்மூன்றையும் பணிவுடன் வினவுவதில் இழுக்கில்லை. தம் நோயாளி மருந்தை அரைகுறையாக விட்டுவிடுவதை எந்த நல்ல வைத்தியரும் விரும்பார்.

ஒன்றை மறத்தலாகாது. வலிப்பு, தைரோயிட் முதலிய நோய்களுக்கான மருந்துகளை ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுமுன் வைத்தியரின் சம்மதம் பெறல் வேண்டும். எந்த மருந்தையும் நாமாகக் குறைத்தலும் நிறுத்தலும் தகா.

கல்லூரி மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோரின் மருந்துச் சீட்டை இன்றே எடுத்துப் பார்ப்பார்களாக. அதிலுள்ள பெயர்களைப் படித்து விளக்குவதும், அடுத்த முறை வைத்தியரிடம் உடன் செல்வதும், கற்ற கல்வியால் வீட்டுக்கு ஆற்றக்கூடிய நற்பணிகளாம்.