பிள்ளையைத் தனியாக விசாரணைக்கு அனுப்பாதீர்கள்!



நம் தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்குப் பெரிய துரையிடமிருந்து குற்றப்பத்திரம் வந்தால் என்ன செய்கிறோம்? அன்று மாலையே தலைவர் வீட்டுக்குப் போகிறோம். தலைவர் கடிதத்தை வாசிக்கிறார். மாவட்டக் காரியாலயத்துக்குத் தகவல் போகிறது. பிரதிநிதி பதில் எழுதித் தருகிறார். விசாரணை நாளன்று தோட்ட ஆபீசுக்குள் அந்தத் தொழிலாளி தனியாகப் போவதில்லை. இந்த வழக்கத்தைத் துரைமார் நமக்குத் தானமாகத் தரவில்லை. நம் முன்னோர் அடிபட்டு வாங்கித் தந்தது.

அதே லயத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒழுக்காற்று விசாரணைக் கடிதம் வந்தால்? "படிச்ச புள்ளதானே, அது பாத்துக்கும்" என்கிறோம். அந்த வார்த்தையால்தான் பிள்ளைகளைக் கைவிடுகிறோம்.

என் பொறுப்பிலுள்ள ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பேர், ஊர் வேண்டாம். இரண்டாம் வருட மாணவன். விடுதியில் இரண்டு குழுக்களுக்கிடையே கைகலப்பு. இவன் அந்த இடத்தில் நின்றான். அன்றிரவே வேறொருவர் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பிறகு வகுப்புத்தடை. விடுதியை விட்டும் வெளியேற்றினார்கள். ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை லயத்தில் வாசிக்க ஆளில்லை. தகப்பன் ஒரு நாள் பேரை விட்டு, பஸ் காசுக்குக் கடன் வாங்கிப் போனார். அதிகாரி முன் கைகட்டி நின்று, "தெரியாமச் செஞ்சிட்டான், மன்னிச்சிடுங்க ஐயா" என்றார். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால், குற்றத்தைக் குடும்பமே ஒப்புக்கொண்டதாக அதை எழுதிக்கொண்டார்கள்.

மாதங்கள் ஓடின. விசாரணை முடியவில்லை. உதவிப்பணமும் நின்றது. லயத்தில் ஆளுக்கொரு கதை பேசினார்கள். ஒருநாள் காலை அந்தப் பிள்ளை கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வகுப்புக்குப் போகவே இல்லை.

இவன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது சந்தியில் வாழ்த்துப் பதாகை கட்டியவன் நான்தான். கடிதம் வந்தபோது நான் எங்கே இருந்தேன்? பதாகை கட்டத் தெரிந்த சங்கத்துக்குப் பதில் கடிதம் எழுதிக் கொடுக்கத் தெரியாதா? இந்தக் கேள்வி எனக்கு மட்டுமல்ல, நம் தலைமைக்கும்தான்.

சிலர் கேட்கிறார்கள்: "பகிடிவதை செய்தவனுக்குச் சங்கம் வக்காலத்து வாங்குவதா?" இல்லை. 1997இல் பேராதனையில் ஒரு மாணவர் பகிடிவதைக்குப் பலியானார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை உண்டு. பாலியல் தொல்லைக்கும் கடுங்காயத்துக்கும் பத்து வருடம் வரை. வதை செய்தவன் நம் பிள்ளையானாலும் தண்டனை பெறட்டும். அடிபட்டு முறைப்பாடு செய்யும் பிள்ளைகளிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் அதே அறைக்குள் தனியாகத்தான் போகிறார்கள். இரு தரப்புக்கும் நாம் கேட்பது ஒன்றே: முதலில் விசாரணை, பிறகு தீர்ப்பு. குற்றச்சாட்டைச் சொல்லாமல், பதிலைக் கேட்காமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம். குற்றம் சாட்டியவரே நீதிபதியாக அமர்வதும் அப்படித்தான்.

இன்னும் சிலர், "சந்தா கட்டுவது தொழிலாளி, மாணவன் இல்லையே" என்கிறார்கள். அந்த மாணவனின் சோறும் பஸ் காசும் யாருடைய செக்ரோலிலிருந்து போகின்றன? தாய் கொழுந்துக்கூடையில் சுமப்பது அவன் படிப்பையும் சேர்த்துத்தான். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். அவ்வளவு பிந்திப் படிக்க வந்த சமூகத்துக்கு ஒரு பட்டம் வீணாவது ஒரு குடும்பத்தின் நட்டம் மட்டுமல்ல.

ஆகவே பெற்றோரே, கடிதம் வந்தால் இவற்றைச் செய்யுங்கள்.

பிள்ளையை அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். வெட்கத்தில் வாயை மூடிக்கொண்ட பிள்ளையைத் தனியே விடாதீர்கள். நடந்ததை முழுதாகக் கேளுங்கள்.

மன்னிப்புக் கேட்டு ஓடாதீர்கள். கடிதம் கிடைத்த திகதியையும் பதில் கொடுக்க வேண்டிய கடைசி நாளையும் குறித்து வையுங்கள். வாசிக்க முடியாத எதிலும் பிள்ளை கையெழுத்து வைக்கக் கூடாது. 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. கடிதத்தையும் வாக்குமூலத்தையும் தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

என்ன குற்றச்சாட்டு, எந்த விதியின் கீழ், யார் சாட்சி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுதியே கொடுங்கள். எல்லாவற்றுக்கும் பிரதி வையுங்கள். விசாரணைக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துவர அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். தீர்ப்பு வந்தால் மேன்முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்று கேளுங்கள்.

நீதி மறுக்கப்பட்டால் பேசாமல் இருக்காதீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். ஆவணங்களைத் தர மறுத்தால் 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

நம் சங்கத்துக்கு என் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் மாணவர் விவகாரத்துக்கு ஒரு பிரதிநிதியை நியமியுங்கள். பேராதனையிலும் வந்தாறுமூலையிலும் யாழ்ப்பாணத்திலும் படித்து வெளியேறிய நம் பட்டதாரிகளைக் கொண்டு கடிதம் வாசிக்க, பதில் எழுத ஒரு குழு அமையுங்கள். விசாரணைக்குப் போகும் தாய் தகப்பனின் பஸ் செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுங்கள்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்கிறோம். விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் முடிவில்லாத வகுப்புத்தடை விசாரணை ஆகாது. அது தீர்ப்புக்கு முன் கொடுக்கும் தண்டனை.

தோழர்களே, அந்தத் தகப்பன் என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை: "எனக்கு வார்னிங் லெட்டர் வந்தப்போ நீங்க வந்தீங்க. எம் மகனுக்கு வந்தப்போ யாரும் வரல்லியே." இனி எந்தத் தகப்பனும் நம்மிடம் அப்படிச் சொல்லக்கூடாது.

— ஒரு மாவட்டப் பிரதிநிதி